லாரிக்கு ரீட்ரெட் டயர்: நம்பிப் போடலாமா?

புதுப்பெர்மிட்

வணக்கம். சொந்தமாகச் சில லாரிகள் வைத்து ஓட்டுகிறேன். எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம், பெரும்பாலும் முழு லோடு. வண்டியோடு வந்த டயர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேய்ந்து வருகின்றன. பின் ஆக்சில்களில் பட்டன் (சாலையைத் தொடும் மேல் ரப்பர்) 4 மி.மீ.க்குப் பக்கத்தில் நிற்கிறது.

மொத்தமாகப் புது டயர் போடுவதென்றால் டீசலுக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். ரீட்ரெட் போட்டால், அதாவது தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஏற்றினால், பாதிக்கும் குறைவாக முடியும் என்கிறார்கள் சிலர். ரீட்ரெட் போட்ட வண்டிக்குப் பின்னால் போகவே பயமாக இருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறார்கள்; காரணம் கேட்டால் மட்டும் சரியாக யாரும் சொல்வதில்லை.

பாதுகாப்பா? நிஜமாகவே மிச்சமா? போடுவதென்றால் எந்த ஆக்சிலில்? ஓட்டியவர்கள், கழற்றி மாட்டியவர்கள், கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தொலைதூரம்

நான் டிரைவர். முதலாளிகள் மிச்சத்தைப் பார்க்கிறார்கள், அந்த டயர்மேல் உட்கார்ந்து போகிறவன் நான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

எந்த நெடுஞ்சாலையில் போனாலும் ஓரத்தில் நீள நீளமாக ரப்பர் பட்டை கிடக்கும். அது எங்கிருந்து வருகிறது? ஒருமுறை இரவில் எனக்கே நடந்தது. பின் வெளி டயரின் பட்டன் கிளம்பி, முழுதாகப் பிரிவதற்குள் சவுக்கு போல அடித்துக்கொண்டே வந்தது. மட்கார்டு போனது, பின் லைட் போனது, பிரேக்குக்குப் போகும் ஏர் பைப் அறுந்தது. வண்டி நின்றுவிட்டது, நான் பிழைத்தேன். பின்னால் அந்த நேரத்தில் பைக்கில் ஒரு ஆள் வந்திருந்தால் அந்தப் பட்டை அவர்மேல் விழுந்திருக்கும்.

எனக்குக் கொடுத்தது எந்த வண்டியில் ஓடிய டயர், எத்தனை முறை ரீட்ரெட் ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. என் முடிவு: புது டயர் போடுங்கள்.

பஃபிங்மேடை

நான் ரீட்ரெட் பிளாண்ட்டில் பல வருடமாக வேலை செய்கிறவன். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள், தவறில்லை. ஆனால் தொலைதூரம் அண்ணன் சொன்ன அந்த ரப்பர் பட்டையிலிருந்தே தொடங்குகிறேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

அடுத்த முறை பாதுகாப்பான இடத்தில் வண்டி நிற்கும்போது ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், பிய்ந்தது நாங்கள் ஒட்டிய இடத்தில் அல்ல. டயரைப் புதிதாகச் செய்தபோதே உள்ளே வைத்த ஸ்டீல் பெல்ட்டுக்கு நடுவில் பிரிந்திருக்கிறது. அது கேசிங் (பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடல்) தோல்வி. புது டயரிலும் அப்படியே வரும். கம்பியே இல்லாமல், சீராகச் சுரண்டிய தடத்தோடு ஒரே தகடாக உரிந்து வந்திருந்தால்தான் ஒட்டு தோற்றது என்று அர்த்தம். அது எங்கள் துறையின் தவறு, அதில் மறுபேச்சு இல்லை. சாலையோரம் கிடப்பதில் நான் திருப்பிப் பார்த்தவரை கம்பி தெரிகிற துண்டுகள்தான் அதிகம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் சாலையில் கிடந்த டயர்த் துண்டுகளையும் கேசிங்குகளையும் சேகரித்து ஆராய்ந்தது. அறிக்கை 2008 டிசம்பரில் வந்தது. ரீட்ரெட் துண்டுகள் நிறையக் கிடைத்தன, உண்மைதான். ஆனால் சாலையில் ஓடும் ரீட்ரெட் டயர்களின் பங்கோடு ஒப்பிட்டால் அது கூடுதல் இல்லை என்பதுதான் அதன் முடிவு. சாலையில் குத்திய பொருளும், காற்றுக் குறைவோ அதிகப் பாரமோ கொண்டுவரும் சூடும்தான் முக்கியக் காரணங்களாக வந்தன.

சூடு எப்படிக் கொல்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்குகிற ரப்பர் சூடாகும். முழு லோடு, வேகம், வெயிலில் காய்ந்த தார்ச்சாலை மூன்றும் சேர்ந்தால் பெல்ட்டின் ஓரத்தில்தான் சூடு மிக அதிகம். அங்கே ரப்பருக்கும் கம்பிக்கும் பிடிப்பு விட்டு, ஒரு சின்னப் பிளவு உண்டாகிறது. அது நாள் கணக்கில் உள்ளேயே வளர்கிறது. வெளியே பார்க்கிறவருக்கு டயர் நன்றாகத்தான் தெரியும். பிறகு ஒரு நாள் மொத்தமாகப் பிரிகிறது. அன்று மேலே இருந்தது ரீட்ரெட் பட்டன் என்றால் பழி ரீட்ரெட்டின் மேல்.

தொலைதூரம்

கம்பி தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னது நல்ல விஷயம், எனக்குத் தெரியாது. ஆனால் சாலையில் போகிற எனக்கு கேசிங் தோற்றதா ஒட்டு தோற்றதா என்பதில் என்ன வித்தியாசம்? புது டயரில் கேசிங்கின் வயது எனக்குத் தெரியும். ரீட்ரெட்டில் மேலே பட்டன் புதிதாக மின்னும், உள்ளே இருப்பது களைத்துப்போன கேசிங். பார்த்து எடைபோடவே முடியாது. அதுதான் என் பயம்.

பஃபிங்மேடை

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் நல்ல பிளாண்ட்டில் பாதி வேலை, பட்டன் ஒட்டுவதல்ல, ஒட்டத் தகுதியில்லாததைத் திருப்பி அனுப்புவது.

டயர் வந்ததும் விரித்துப் பிடித்து உள்ளும் வெளியும் விளக்கு வைத்துப் பார்க்கிறோம், கையால் தடவுகிறோம். பக்கச்சுவரின் மேல்பகுதியில் அலையலையாகக் கைக்குத் தட்டினால், உள் லைனரில் சுருக்கமோ நிறமாற்றமோ இருந்தால், அது காற்றில்லாமல் ஓடிய டயர். அங்கேயே நிராகரிப்பு. பிறகு உள்ளே மின்சாரப் பொறி ஓடவிடும் கருவி: கண்ணுக்குத் தெரியாத ஆணித்துளை இருந்தால் பொறி அதன் வழியாகப் பாய்ந்து காட்டிக் கொடுக்கும். பெரிய பிளாண்ட்டுகளில் ஷியரோகிராபி வைத்திருக்கிறார்கள். டயரைச் சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சியபடி லேசரால் படம் எடுக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் அந்த இடம் மட்டும் இம்மியளவு உப்பும், படத்தில் தெரிந்துவிடும். அண்ணன் சொன்ன 'பார்க்க முடியாத' பிளவைப் பார்க்க இருக்கும் வழி இதுதான். டயர் கொடுக்கும் முன் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதைத் தாண்டி வந்தால் பஃபிங். டயரைக் காற்றடைத்துச் சுழலவிட்டு, பழைய பட்டனைச் சுரண்டி, குறிப்பிட்ட வளைவுக்கும் சொரசொரப்புக்கும் கொண்டுவருகிறோம். இங்கேதான் பல ரகசியம் வெளியே வரும். பஃபிங்குக்கு முன் சாதாரண வெட்டு போலத் தெரிந்த இடத்தைத் தோண்டினால் கம்பிவரை துருப்பிடித்திருக்கும். மழைத் தண்ணீர் அந்த வெட்டு வழியாக இறங்கி பெல்ட்டையே தின்றிருக்கும். துரு ஒரு புள்ளியில் நின்றால் சுரண்டி எடுத்துப் பழுது பார்க்கலாம். பரவியிருந்தால் அந்த டயர் அவ்வளவுதான். பஃப் செய்த முகத்தைத் தூசி படியவிட்டுப் போட்டுவைக்கக் கூடாது. குஷன் கம் என்ற ஒட்டு ரப்பரை ஏற்றி, பட்டனைச் சுற்றி, என்வலப் என்ற ரப்பர் உறையை மாட்டி, சேம்பர் என்ற மூடிய கலத்தில் அழுத்தத்தோடு வேகவைக்கிறோம்.

இத்தனையும் செய்யும் பிளாண்ட்டும் உண்டு, கண்ணால் பார்த்து 'பரவாயில்லை' என்று ஒட்டி அனுப்பும் பட்டறையும் உண்டு. இரண்டுக்கும் பெயர் ரீட்ரெட்தான். அதனால் ரீட்ரெட் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

டீசல்மீட்டர்

நான் ஒரு பெரிய வண்டிக் கூட்டத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன். 'பாதி விலை' என்று மட்டும் பேசுவது தப்பு. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பேச வேண்டும். விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால் புது டயரை 100 என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்கு புரிவதற்கான எண்கள், உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

புது டயர் 1,00,000 கி.மீ. ஓடுகிறது. அப்படியானால் 1,000 கி.மீ.க்கு 1 ஆகிறது. ரீட்ரெட் 35, ஓட்டம் 75,000 கி.மீ. என்றால் 1,000 கி.மீ.க்கு 0.47. இதைத்தான் விற்பவர் காட்டுவார். ஆனால் எல்லா கேசிங்கும் ரீட்ரெட்டுக்குத் தேறாது. 10 டயர் வாங்கினீர்கள், அதில் 7 தேறியது என்றால்:

10 புது டயர் = 1,000. 7 ரீட்ரெட் = 245. மொத்தம் 1,245.
ஓட்டம் = 10 லட்சம் + 5.25 லட்சம் = 15.25 லட்சம் கி.மீ.
1,000 கி.மீ.க்கு 0.82.

ஆக உண்மையான மிச்சம் பாதி அல்ல, 18 சதவீதத்துக்குப் பக்கம். அந்த 7-ல் 4 இரண்டாம் முறையும் தேறினால் 0.76-க்கு வரும். எனக்கு இது நல்ல மிச்சம்தான். ஆனால் மூன்று இடத்தில் கை நழுவும்.

முதலாவது, கழற்றும் நேரம். கடைசி 2 மி.மீ. வரை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் கேசிங்கைக் கொன்றுவிடுகிறார்கள். பட்டன் மெலிந்தால் கல் நேராக பெல்ட்டில் குத்தும். அந்த 2 மி.மீ.யில் கிடைக்கும் கிலோமீட்டர் சொற்பம், இழப்பது 70,000-க்கு மேல் ஓடியிருக்க வேண்டிய ஒரு பிறவியை. புதுப்பெர்மிட், உங்கள் டயர்கள் 4 மி.மீ.க்குப் பக்கத்தில் என்றால் முடிவெடுக்க இதுதான் சரியான சமயம். இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டலாம் என்று தள்ளாதீர்கள்.

இரண்டாவது, டீசல். டயரின் உருளும் தடை 3 சதவீதம் கூடினால் டீசல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது நெடுஞ்சாலை லாரிகளுக்கான நடைமுறைக் கணக்கு. ஆழமான, முரட்டு பட்டன் போட்டால் ஆயுள் கூடும், டீசலும் கூடும். சும்மா உருளும் டிரெய்லர் ஆக்சிலுக்கு இழுக்கும் ஆக்சிலின் முரட்டு பட்டனைப் போட்டுவிட்டு மிச்சம் எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டீசல் குறைவாகக் குடிக்கும் ரீட்ரெட் பட்டன்கள் வந்துவிட்டன. எரிபொருள் மிச்சத்துக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் ஸ்மார்ட்வே பட்டியலில் ரீட்ரெட்டுகளும் இருக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வண்டி நடுவழியில் நிற்கும் செலவு. ஆள் அனுப்பி டயர் மாற்றி, சரக்கு தாமதத்துக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பல டயரின் மிச்சம் போய்விடும். மோசமான பட்டறையில் மலிவாகப் போட்ட ரீட்ரெட் இந்த ஒரு வரியில்தான் தோற்கும்.

புதுப்பெர்மிட்

0.82 கணக்கு கண்ணைத் திறந்தது. நான் பாதிதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம்: ஹாட், கோல்டு என்று இரண்டு சொல்கிறார்களே, எது நல்லது?

பஃபிங்மேடை

ஹாட் என்றால் வேகாத ரப்பரை டயரில் சுற்றி, அச்சுக்குள் வைத்து, சுமார் 150 டிகிரி செல்சியஸில் வேகவைத்துப் பட்டன் வடிவத்தை அங்கேயே பதிப்பது. கோல்டு என்றால் முன்பே வேகவைத்து வடிவம் கொடுத்த பட்டனைக் கொண்டுவந்து, நடுவில் குஷன் கம் வைத்து, சேம்பரில் 100 டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில் ஒட்டுவது. பெயர்தான் கோல்டு, குளிர்ச்சி எதுவும் கிடையாது. சூடு குறைவு என்பதால் கேசிங்குக்கு அலுப்பு குறைவு, அச்சின் அளவுக்குள் டயரை அடக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. இந்த முறையை ஜெர்மனியின் பெர்னார்ட் நோவாக் உருவாக்கினார். 1957-ல் அமெரிக்காவின் ராய் கார்வர் அதன் உரிமையை வாங்கி பேண்டாக் கம்பெனியைத் தொடங்கினார். இன்று ரேடியல் லாரி டயருக்குப் பெரும்பாலும் கோல்டுதான். நன்றாகச் செய்தால் இரண்டுமே நிற்கும்.

எத்தனை முறை என்றும் அடுத்து கேட்பீர்கள். எண்ணிக்கையைவிட கேசிங்கின் நிலையும் வயதும்தான் முக்கியம். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3221 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. அந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த டயரைத் தொடாதீர்கள். நீண்ட ஓட்டம் ஓடுகிற கம்பெனிகள் பல, 5 முதல் 7 வருடத்துக்கு மேல் ஆன கேசிங்கை ஏற்பதில்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஐநா விதி 109 இருக்கிறது, 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம். அதில் அங்கீகாரம் பிளாண்ட்டுக்கே தருகிறார்கள்; அங்கே செய்த ரீட்ரெட், புது லாரி டயருக்கு வைக்கும் அதே பார-வேக ஓட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். இப்படி ஒரு சோதனை வைத்துத் தாண்டுகிறது என்பதே 'ரீட்ரெட் என்றாலே இரண்டாம் தரம்' என்ற பேச்சுக்குப் பதில். பயணிகள் விமானத்தின் டயர்களைக்கூட பல முறை ரீட்ரெட் செய்துதான் ஓட்டுகிறார்கள்.

தொலைதூரம்

விமானத்தை இழுக்காதீர்கள். விமானம் கிளம்பும் முன் ஒரு ஆள் குனிந்து டயரைப் பார்க்கிறார், அழுத்தத்தைக் குறித்து வைக்கிறார், வெட்டு எத்தனை ஆழம் வரை போகலாம் என்று அவருக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். என் வண்டியில் அதை யார் செய்கிறார்? லோடு ஏற்றியதும் கிளம்பு என்கிறார்கள். அந்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கொடுங்கள், நானும் ரீட்ரெட்டில் ஓட்டுகிறேன்.

ஒர்க்‌ஷாப்

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே முக்கியமான வரி தொலைதூரம் எழுதியதுதான். நான் டயர் மாட்டுகிற ஆள். என் கையில் வருகிற கெட்டுப்போன டயர்களில் பெரும்பான்மை காற்றால் கெட்டவை. அதனால் ரீட்ரெட்டா புதிதா என்று கேட்கும் முன் காற்றழுத்தம் அளக்க ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள்.

டயரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் காற்று சரி என்று சொல்கிறார்கள். முழுதாக இறங்கியது மட்டும்தான் அப்படித் தெரியும். 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது 85-ல் இருந்தாலும் சத்தம் ஒன்றுதான். ஆனால் தேவையான அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ வைத்து ஓடிய டயரை காற்றில்லாமல் ஓடிய டயராகவே நினைக்க வேண்டும் என்பது தொழில் விதி. 110-க்கு அது 88. உங்கள் வண்டியில் எத்தனை டயர் இன்று 88-க்குக் கீழே இருக்கிறது என்று காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். ஓடிவந்த சூட்டில் அளந்தால் அழுத்தம் கூடத்தான் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள்.

அப்படி ஓடிய டயரில் இன்னொரு ஆபத்து, அது டிரைவருக்கல்ல, எங்களுக்கு. பக்கச்சுவரில் வரிசையாக நிற்கும் ஸ்டீல் கம்பிகள் மடங்கி மடங்கிக் களைத்திருக்கும். திரும்பக் காற்று ஏற்றும்போது ஒரு கம்பி அறும், பக்கத்துக் கம்பி அறும், ஜிப் திறப்பதைப் போல நொடியில் கிழியும். பக்கத்தில் நின்றவர் உயிர் போகும். ரீட்ரெட் ஆனாலும் புதிது ஆனாலும் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, கவ்விப் பிடிக்கும் முனையுள்ள நீள ஹோஸால், தள்ளி நின்றுதான் காற்று ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பொட்பொட்டென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்; ஹோஸின் மறுமுனையிலிருந்தே காற்றை முழுதும் இறக்கிய பிறகுதான் கிட்டே போக வேண்டும். டயரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஜோடி, அதாவது பின்னால் ஒரே பக்கத்தில் உள்ளும் வெளியுமாக மாட்டும் இரண்டு டயர். ரீட்ரெட் போடுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். உள் டயர் பாதி தேய்ந்தது, வெளி டயர் ரீட்ரெட் முழு பட்டன் என்று மாட்டுகிறார்கள். உயரமானது கூடுதல் பாரம் தாங்கிச் சூடாகும், குட்டையானது தரையில் தேய்த்துக்கொண்டே வரும். ரெண்டுமே சீக்கிரம் போகும். விட்டம் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. டேப்பால் சுற்றளவு எடுத்தால் 19 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதுதான் எளிது. உள் டயரின் காற்றைப் பார்க்க கை போகவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை; வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொடுங்கள். அது சின்னச் செலவுதான்.

பயணிவண்டி

நான் பேருந்து ஓட்டுபவன், ஒரு விஷயம் மட்டும். முன் ஆக்சிலில் வேண்டாம். முன்னால் பக்கத்துக்கு ஒரே டயர், அது போனால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. பின்னால் ஜோடியில் ஒன்று போனாலும் மற்றது கொஞ்ச தூரமாவது தாங்கும். அமெரிக்க ஃபெடரல் விதி 393.75 பேருந்தின் முன் சக்கரத்தில் ரீட்ரெட்டைத் தடை செய்கிறது. லாரிக்கு அங்கே அந்தத் தடை இல்லை, இருந்தும் பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாகவே முன்னால் போடுவதில்லை. அதே விதியில் பட்டன் ஆழம் முன்னால் 3.2 மி.மீ., மற்ற இடத்தில் 1.6 மி.மீ. என்று வைத்திருக்கிறார்கள். முன் டயருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே போதும். நீங்கள் ஓட்டும் இடத்தின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்பர்

இங்கே எல்லோரும் நெடுஞ்சாலையை வைத்துப் பேசுகிறீர்கள். குவாரி ஓட்டத்தில் கதை வேறு. எங்கள் டயர் தேய்ந்து சாவதில்லை, வெட்டுப்பட்டுச் சாகிறது. ஜல்லி முனை பட்டனுக்குள் இறங்கி கம்பிவரை போய்விடும். பக்கச்சுவர் கல்லில் உரசிக் கிழியும். அதனால் கேசிங் பாதிக்குப் பாதி தேறினாலே பெரிய விஷயம். ஆனால் வேகம் குறைவு, ஓட்டமும் குறுகியது, சூடு அதிகம் ஏறாது. அதனால் தேறிய கேசிங்கில் ரீட்ரெட் போட்டால் எங்களுக்கு நன்றாகவே நிற்கிறது. வெட்டுத் தாங்கும் ரப்பர் என்று தனியாகக் கேட்டால் அந்தப் பட்டனைப் போட்டுத் தருகிறார்கள். புது டயரைக் கல்லில் விட்டு வீணாக்குவதைவிட இதுதான் எனக்கு மனசு ஒப்புகிறது.

மலை இறக்கத்தில் ஓடுகிறவர்கள் மட்டும் கவனம். பிரேக் டிரம் சூடு ரிம் வழியாக டயரின் பீடுக்கு (ரிம்மில் உட்காரும் உள்விளிம்புக்கு) ஏறும். அடிக்கடி அப்படி வெந்த பீடு கல் போல இறுகி விரிசல் விட்டுவிடும். அந்தக் கேசிங்கை ரீட்ரெட்டுக்குக் கொடுக்காதீர்கள், பட்டன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி.

புதுப்பெர்மிட்

மலிவான புது டயர் ஒன்று சந்தையில் இருக்கிறது. நல்ல டயரைவிட விலை ரொம்பக் குறைவு. ரீட்ரெட் தலைவலியே வேண்டாம் என்று அதைப் போட்டுவிட்டால்?

டீசல்மீட்டர்

அதே கணக்கில் போடுங்கள். விலை 70, ஓட்டம் 80,000 கி.மீ. என்றால் 1,000 கி.மீ.க்கு 0.88. நல்ல டயரும் அதன் ஒரு ரீட்ரெட்டும் சேர்ந்து 0.82. மலிவான டயரை ரீட்ரெட் பிளாண்ட் ஏற்றால் கணக்கு மாறும், ஆனால் நிராகரிப்பு அதில்தான் அதிகம். புது டயர் வாங்கும்போதே 'இதன் கேசிங் எத்தனை முறை நிற்கும்' என்று கேட்டு வாங்குகிறவருக்குத்தான் ரீட்ரெட் பலன் தரும். முதல் நாளே தொடங்குகிற கணக்கு இது.

பூமிக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு புது லாரி டயருக்கு ஏறக்குறைய 83 லிட்டர் எண்ணெய் போகிறது, ரீட்ரெட்டுக்கு 26 லிட்டர் என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு. தேய்வது மேலே இருக்கும் சில கிலோ ரப்பர்தான். அதற்காக முழு டயரையும், உள்ளே இருக்கும் ஸ்டீலோடு, குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பஃபிங்மேடை

டீசல்மீட்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரீட்ரெட்டை இரண்டு வழியில் வாங்கலாம். உங்கள் கேசிங்கைக் கொடுத்து, அதே கேசிங்கைத் திரும்ப வாங்குவது ஒன்று. கடையில் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துப் போவது இன்னொன்று. நான் முதலாவதைத்தான் சொல்வேன். உங்கள் டயர் எவ்வளவு லோடு ஏற்றியது, எப்போது பஞ்சரானது, காற்றில்லாமல் ஓடியதா என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் டயரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தொலைதூரம் அண்ணனுக்கு நடந்ததும் இந்த இரண்டாவது வழியில் வந்த டயராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொடுக்கும் முன் பக்கச்சுவரில் உங்கள் எண்ணைச் சூட்டுக்குறியாகப் போட்டுக் கொடுங்கள், திரும்பி வந்ததும் அதைச் சரிபாருங்கள். நிராகரித்த டயரையும் காரணத்தோடு திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆக்சிலில் மாட்டிய டயர்கள் ஒரே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டால் குறை டயரில் இல்லை, வண்டியில். எதையுமே நிராகரிக்காத பிளாண்ட்டுக்கு மறுபடி போகாதீர்கள்.

தொலைதூரம்

நான் என் நிலையில் இருந்து முழுதாக இறங்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரீட்ரெட்டை மாட்டினால் இனியும் வண்டி எடுக்க மாட்டேன். ஆனால் சொந்த கேசிங், ஒவ்வொரு டயரின் ஓட்டத்தையும் எழுதிவைத்த கணக்குப் புத்தகம், பின் ஆக்சில் மட்டும் என்றால் ஓட்டுவேன். அதோடு ஒன்று கேட்கிறேன்: கிளம்பும் முன் டிரைவர் கேஜ் வைத்துப் பார்த்து 'இந்த டயர் ஆகாது' என்று சொன்னால் வண்டி நிற்க வேண்டும். அதற்காக அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இது இல்லாமல் மேலே எழுதிய எதுவும் சாலையில் நடக்காது.

புதுப்பெர்மிட்

அண்ணா, அதை ஒப்புக்கொள்கிறேன். என் டிரைவர்கள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. சொல்லலாம் என்று நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

முன் ஆக்சிலுக்குப் புது டயர் வாங்குகிறேன். இப்போது முன்னால் இருக்கும் டயர்களில் பட்டன் பாக்கி இருப்பதை அளந்து ஜோடி சேர்த்துப் பின்னால் தள்ளுகிறேன். பின்னால் கழற்றுவதை எண் போட்டு ரீட்ரெட்டுக்கு அனுப்பப் போகிறேன், ஷியரோகிராபி இருக்கும் இடமாகப் பார்த்து. ஒரே ஒரு கேள்வி பாக்கி: சில டயரில் பழைய பஞ்சர் பேட்ச் இருக்கிறது. அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகுமா?

பஃபிங்மேடை

பட்டன் பகுதியில் சின்ன ஆணித்துளை, உள்ளிருந்து முறையாகப் பேட்ச் போட்டது என்றால் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து கயிறு மட்டும் திணித்திருந்தால் அதை எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். தோள்பட்டைக்குக் கீழே பக்கச்சுவரில் என்றால் வெட்டின் அளவைப் பொறுத்தது. அனுப்பும் முன் பேட்ச் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அனுப்புங்கள். பரிசோதிக்கிறவர் அங்கேதான் முதலில் பார்ப்பார்.